பீரோவுக்குப் பின்னால் இருந்த கதவு

கடத்தூர் மதி மஹாலில் கல்யாணம் செய்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த மண்டபத்துக்கு வாசல் ஒன்றுதான் என்பார்கள். ரோட்டைப் பார்த்த பெரிய வாசல், வாழைமரம் கட்டுகிற வாசல். உண்மையில் இன்னொன்றும் உண்டு. மேடைக்கு வலது கைப் பக்கம், வடக்குச் சுவரில் ஓர் இரும்புக் கதவு. மண்டபம் கட்டிய நாளிலிருந்தே இருக்கிறது. யார் கண்ணிலும் பட்டதில்லை. ஏனென்றால் அதன் முன்னால்தான் எல்லாரும் சீர்வரிசையை அடுக்குவார்கள்.

பெண் வீட்டார் என்ன கொடுத்தார்கள் என்று ஊர் பார்க்க வேண்டும் அல்லவா. பீரோ, கட்டில், மெத்தை, பிரிட்ஜ், வாஷிங் மிஷின், பித்தளை அண்டா, அதற்குள் எவர்சில்வர் பாத்திரங்கள். போட்டோக்காரரின் பெரிய விளக்கு அந்தச் சுவரின் மேல்தான் விழும். ஆகவே பீரோவும் அங்கேதான் நிற்கும். பீரோவுக்குப் பின்னால் கதவு, கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. அண்டாவை யாரும் அந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதாம்.

கதவுக்கு மேலே ‘அவசர வழி’ என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை. ஜோடனை செய்கிறவர்கள் முதல் வேலையாக அதன் மேல் பூச்சரத்தைத் தொங்கவிட்டு மூடுவார்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அந்த எழுத்து எதற்கு என்பார்கள். தீயணைக்கும் சிவப்பு உருளை ‘நல்வரவு’ பேனருக்குப் பின்னால் போய்விடும். மேடையில் அக்னி வளர்த்து அதையே சாட்சிக்கு வைத்துத் தாலி கட்டுவார்கள். ஆனால் ‘தீ’ என்று எழுதிய எதுவும் சுவரில் தெரியக் கூடாது.

மண்டபத்தின் மேனேஜர் சந்தியாவுக்கு இதெல்லாம் முதலில் கோபம் தரவில்லை. கோபம் வந்தது ஒரு காகிதத்தில் தன் பெயரைப் பார்த்த பிறகுதான்.

சந்தியா, வத்தல்மலையில் சாமை விதைக்கிற சென்னப்பனின் மகள். பி.பி.ஏ. படித்தவள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. முதல் பட்டதாரி என்பதற்கு அரசாங்கம் ஒரு சான்றிதழே கொடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு எங்கே வேலைக்குப் போவது என்று மட்டும் அதில் எழுதுவதில்லை. சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இந்த மண்டபத்தில் உட்கார்ந்தாள். தேதி கொடுப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது, பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிற சம்பந்திகளிடம் பேச்சு வாங்குவது. இதற்குப் பெயர் மேனேஜர்.

ஆடி மாதம் மண்டபத்தில் கல்யாணம் கிடையாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் தீயணைப்பு நிலைய அலுவலர் நிர்மலாதேவி ஆய்வுக்கு வந்தார். மண்டபத்தின் தீப் பாதுகாப்புச் சான்று முடிகிற நேரம். அது இல்லாவிட்டால் தாசில்தார் ஆபீஸில் உரிமம் கிடையாது, உரிமம் இல்லாவிட்டால் முகூர்த்தம் கிடையாது. முதலாளி மதியழகன் இளநீர் வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வருகிறவர் சிவப்பு உருளைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்பது அவருடைய கணக்கு.

காக்கி உடுப்பில் வந்த நிர்மலாதேவி இளநீரைத் தொடவில்லை. உருளைகளையும் எண்ணவில்லை. மேடையில் ஏறி நின்றார். சந்தியாவையும் ஏறச் சொன்னார்.

“நீங்கதான் கல்யாணப் பொண்ணு. கரண்ட் போயிடுச்சு. புகை வருது. எந்தப் பக்கம் ஓடுவீங்க?”

சந்தியா பெரிய வாசலைக் காட்டினாள்.

“அந்த வாசல ஒட்டி என்ன இருக்குது?”

சமையல்கட்டு இருந்தது. ஒரு காலத்தில் பின்பக்கம் இருந்ததுதான். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று மதியழகன் அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். வாசலுக்கும் கேஸ் சிலிண்டர்களுக்கும் நடுவில் ஒரு தகரம்.

“அப்ப தீ புடிக்கறது அங்கதான். நீங்க தீயப் பாத்து ஓடறீங்க,” என்றார் நிர்மலாதேவி. “உங்க தப்பு இல்ல. மனுசன் வந்த வழியாத்தான் திரும்பி ஓடுவான். இன்னொரு கதவு சாயந்தரம் பூரா அவன் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தாத்தான் அந்தப் பக்கம் காலு போவும்.”

பிறகு வடக்குக் கதவிடம் போனார். உடைந்த நாற்காலிகளையும் பழைய மணவறைத் தூண்களையும் தாண்டித்தான் போக முடிந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. நாளைக்குத் திறந்து வைக்கிறோம் என்றார் மதியழகன். “இன்னைக்கே தொறங்க, இருந்து பாக்கறன்,” என்று சொல்லிவிட்டு, வெல்டிங் கடைக்காரர் வந்து சங்கிலியை அறுத்து முடிக்கும்வரை நிர்மலாதேவி அந்தக் குப்பைக்கு நடுவிலேயே நின்றார். உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

மண்டபம் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் செங்கல் சுவர் வேண்டும், சிலிண்டர்கள் வெளியே போக வேண்டும். எந்த விசேஷமானாலும் வடக்குக் கதவு பூட்டில்லாமல், மறைப்பில்லாமல், முன்னால் ஒரு தட்டுமுட்டுச் சாமான்கூட இல்லாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். மதியழகன் மறுநாளே உறுதிமொழி எழுதி நிலையத்துக்கு அனுப்பினார். பொறுப்பாளர்: செ. சந்தியா, பி.பி.ஏ. பட்டத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார்.

மண்டபத்தைப் பெருக்குகிற ரோசம்மாள்தான் முதலில் சொன்னாள். “பாப்பா, உனக்குச் சம்பளம் ஏத்தச் சொன்னா உன் பேரே அவருக்கு மறந்துடும். ஜெயிலுக்குப் போறதுக்கு மட்டும் இனிஷியலோட ஞாபகம் வெச்சிருக்காரு பாரு.”

அதுதான் விஷயம். நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் வந்து கேட்கப்போவது மண்டபத்தைக் கட்டியவரை அல்ல, சாமை விதைக்கிறவர் மகளை. சந்தியாவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. உறுதிமொழியைச் சரிபார்க்க நிர்மலாதேவி மறுபடி வந்தபோது, அவரும் அந்தப் பெயரில்தான் நின்றார்.

“இவங்க பேரப் போட்டிருக்கீங்க. இவங்களுக்கு அதிகாரம் குடுத்திருக்கீங்களா?”

“முழு அதிகாரம்ங்க மேடம்,” என்றார் மதியழகன்.

“விசேஷத்தையே நிறுத்தலாமா?”

மதியழகன் சிரித்துக்கொண்டே, “நிறுத்தலாங்க,” என்றார்.

“அதையும் எழுதிக் குடுங்க.”

சிரிப்பு நின்றது. ஆனால் எழுதிக் கொடுத்தார். யார் எப்போது கல்யாணத்தை நிறுத்தப்போகிறார்கள் என்ற தைரியம்.

கோபம் வந்தால் சந்தியாவுக்குப் படிக்கத் தோன்றும். பரீட்சைக்கெல்லாம் அப்படித்தான் படித்தாள். இப்போதும் போனில் விதிமுறைகளைத் தேடிப் படித்தாள். பிறகு ஒரு மாலை காலி மண்டபத்தைத் தீயின் கண்ணால் சுற்றி வந்தாள். தீ எதைத் தின்னும்? தெர்மோகோல் மணவறையை, மேடைக்குப் பின்னால் தொங்கும் நைலான் துணியை, மணமகள் அறையில் குவிகிற பட்டுப் பெட்டிகளை. யார் ஓட முடியாது? கைக்குழந்தைக்காரி, வயிற்றுப் பிள்ளைக்காரி, முட்டிவலிக்காரர்கள், பந்தியில் இலையைப் பாதியில் விட மனமில்லாதவர்கள். எத்தனையோ பேருக்குத் தேதி கொடுத்தவளுக்கு, அந்த இடத்தில் உண்மையாகவே மனிதர்கள் உட்காருகிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. பொறுப்பாளர் என்று சும்மா எழுதினார்கள். சும்மா இருக்கப் போவதில்லை என்று முடிவுசெய்தாள்.

ஆவணியின் முதல் கல்யாணம். மண்டபம் பிடித்தது மாப்பிள்ளையின் தாய்மாமன் குப்புராஜ். மாங்காய் மண்டி வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டை, தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிற ஆள். தேதி கொடுக்கும்போதே சந்தியா சொன்னாள், வடக்குக் கதவுக்கு முன்னால் எதுவும் வைக்கக் கூடாது என்று. அவர் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்பவர் மாதிரித் தலையாட்டினார். பத்திரிகை வந்த பிறகுதான் தெரிந்தது, பெண் கனிமொழி நிர்மலாதேவியின் தங்கை.

மதியழகனுக்குத் தலைகால் புரியவில்லை. “நமக்குச் சான்று வந்த மாதிரிதான் போ,” என்றார். வாடகையே வேண்டாம் என்று குப்புராஜிடம் சொல்லி அனுப்பினார். மறுநாள் நிர்மலாதேவியிடமிருந்து போன் வந்தது: முழு வாடகையும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள், இல்லையென்றால் மண்டபத்தை மாற்றிவிடுகிறோம். அதைக்கூட மதியழகன் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொண்டார்.

“சந்தியா, அந்தக் கல்யாணத்துல எது கேட்டாலும் ‘சரிங்க’ன்னு மட்டும் சொல்லு. புரியுதா? ஏதாச்சும் கசப்பு வந்துச்சுன்னு வெச்சிக்க, நீ மலைக்குப் போயி சாமை அறுக்கலாம்.”

“சாமை அறுக்கறது கேவலம் இல்லீங்க சார்.”

“அப்ப அதுக்கு எதுக்கு பி.பி.ஏ.?” என்றார் அவர்.

வரவேற்பு நாள். பிற்பகலில் சீர் ஏற்றிய டாடா ஏஸ் வந்து நின்றது. குப்புராஜ் நடுக்கூடத்தில் நின்று கையைக் காட்டினார். நாலு பேர் பீரோவைத் தூக்கி வந்து, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி வடக்குக் கதவின் முன்னால் நிறுத்தினார்கள். பக்கத்தில் கட்டில், பிரிட்ஜ், அண்டா. மேலே பச்சைப் பலகையைப் பூச்சரம் மூடியிருந்தது.

“அங்க வேணாங்க, அது வழி,” என்றாள் சந்தியா.

“வழியா? இத்தனை கல்யாணத்துக்கு வந்திருக்கறன், இங்க ஒரு வழிய நான் பாத்ததே இல்ல.”

“நீங்கல்லாம் பீரோ வெச்சி மறச்சா எப்படிங்க தெரியும்?”

“ஏம்மா, இது ஆபீசரு வூட்டுச் சீரு. தீயணைப்பு ஆபீசரு. உன் சட்டத்த அவங்க வூட்டுக்கே சொல்றியா? அந்தம்மாவுக்கே இல்லாத அக்கறை, உனக்கு என்ன வந்துச்சு?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சந்தியா மதியழகனுக்குப் போன் செய்தாள். “உட்டுடு,” என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

அப்போதுதான் நிர்மலாதேவி வந்தார். காக்கி இல்லை. அரக்குப் பட்டு, தலையில் கனகாம்பரம், கையில் வெற்றிலைத் தட்டு. அவர் கண் பீரோவில் பட்டது. பூ மூடிய பலகையிலும் பட்டது. சந்தியா நன்றாகவே பார்த்தாள். பிறகு நிர்மலாதேவி தட்டை ஒரு முறை சரிசெய்துகொண்டு, ஒன்றும் பேசாமல் மணமகள் அறைக்குள் போய்விட்டார்.

அவ்வளவுதானா, என்று நினைத்தாள் சந்தியா. சங்கிலியை அறுக்க வைத்த பெண், குப்பை நடுவில் நின்ற பெண். அவளை மனதுக்குள் எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தோம். சட்டம் சென்னப்பன் மகளுக்கு, ஆபீசர் தங்கைக்குப் பீரோ. எல்லாரும் ஒரே ரகம்தான். வேலை போனால் போகட்டும், முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டே போகலாம் என்று பின்னாலேயே நடந்தாள்.

அறையில் கனிமொழிக்கு ஒரு பெண் கண்மை தீட்டிக்கொண்டிருந்தாள். தாய் மாதம்மாள் பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், வடக்கு வாசல அடச்சிட்டாங்க.”

“பாத்தன்,” என்றார் நிர்மலாதேவி.

“பாத்துட்டுத்தான் பேசாம வந்தீங்களா?”

மாதம்மாள் மடிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஏம்மா, அப்பன் இல்லாத புள்ள இது. அக்காகாரி ஒவ்வொண்ணா சேத்து வாங்கின சீரு. நாலு சனம் பாக்கட்டும்னு ஆசப்பட்டா அது ஒரு குத்தமா? மாப்ள வூட்டுக்காரங்க மொகம் சுளிச்சா நாளைக்கி அங்க போயி வாழப்போறது யாரு, நீயா?”

அது பொய்யில்லை. நிர்மலாதேவிதான் பேசினார்.

“நான் போயி எடுங்கன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா சந்தியா? ஆபீசருங்கற திமுருல சம்பந்தி வூட்ட அதட்டுனான்னு ஆகும். வாசலு மறந்துபோயிடும், என் திமுரு மட்டும் நெலச்சு நிக்கும். அடுத்த கல்யாணத்துக்கு நான் வர மாட்டன். பீரோ திரும்ப அங்கயே வந்துடும்.” தட்டைக் கீழே வைத்தார். “இன்னைக்கி நான் ஆபீசரு இல்ல, பொண்ணு வூட்டுப் பார்ட்டி. பொறுப்பாளரு நீங்க. அதிகாரம் எழுதி வாங்கினது எதுக்கு? எங்கிட்ட என்ன சொல்லணுமோ அத வெளிய வந்து, எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க.”

“சொன்னா?”

“சொல்லிப் பாருங்க.”

இது நழுவலா, நம்பிக்கையா என்று சந்தியாவுக்குப் பிடிபடவில்லை. நழுவலாக இருந்தால் இன்றோடு வேலை போச்சு. வெளியே வந்தாள். பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ஜனம் வர ஆரம்பித்திருந்தது. நேராகப் போய் ஆம்பிளிபயரின் சுவிட்சை அணைத்தாள். இரைச்சலுக்குப் பழகிய கூட்டம் அமைதிக்குத் திடுக்கிட்டுத் திரும்பியது. அறை வாசலில் நிர்மலாதேவி நின்றிருந்தார்.

“மேடம்,” என்றாள் சந்தியா. கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். “உங்க வூட்டுச் சீரு வடக்கு வாசலுக்கு முன்னால இருக்குது. தீ வந்தா இத்தனை சனமும் வெளிய போற வழி அதுதான். எடுக்கற வரைக்கும் பாட்டும் கெடையாது, பந்தியும் கெடையாது.”

தீ என்ற சொல் விழுந்ததும் முன்வரிசையில் ஒரு அம்மாள் விரல்களை நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். குப்புராஜ் எழுந்து வந்தார்.

“நல்ல காரியத்துல பேசற பேச்சா இது? யாரு வூட்டுக் கல்யாணத்துல நிக்கறன்னு தெரியுதா உனக்கு?”

“தெரியுதுங்க. பேரு பத்திரிகையிலயே போட்டிருக்குது.”

அவர் அடுத்து என்ன சொல்லப்போனாரோ. அதற்குள் நிர்மலாதேவியின் குரல் வந்தது.

“சரிங்க. எடுத்துடறோம்.”

‘சரிங்க’ என்று சொல்லச் சொல்லி மதியழகன் சந்தியாவுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. சொன்னது யார், கேட்டது யார் என்று கூட்டம் ஒரு கணம் குழம்பிப்போனது. நிர்மலாதேவி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். ஆள் கூப்பிடவில்லை. பீரோவிடம் போய் ஒரு முனையில் கை வைத்தார். கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு போட்டு ஏற்றிய கை அது, சாய்ந்த லாரிக்கு அடியிலிருந்து டிரைவரை இழுத்த கை. பட்டுப்புடவைக்குள் இருந்தாலும் கை அதேதான். தங்கைக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்து வாங்கியதை, சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்க்க, தானே நகர்த்துவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று அந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சந்தியாவின் கோபம் போகவில்லை. ஆனால் அது இப்போது இந்தப் பெண்ணின் மேல் இல்லை. ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தாள்.

“பட்டு கிழிஞ்சா மண்டபம் பொறுப்பு இல்லீங்க, போர்டே இருக்குது,” என்றாள் ரோசம்மாள், கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டே. யாரோ சிரித்தார்கள். நாலைந்து இளவட்டங்கள் வெட்கப்பட்டு வந்து கை கொடுத்தார்கள்.

எங்கே வைப்பது? சந்தியா எதிர்ப்பக்கத்துத் தெற்குச் சுவரைக் காட்டி, அங்கிருந்த நாற்காலி வரிசைகளை எடுக்கச் சொன்னாள்.

“அந்த மூலையிலயா?” என்றார் குப்புராஜ். “அங்க இருட்டுக்குள்ள வெச்சா எவன் கண்ணுக்குத் தெரியும்?”

நிர்மலாதேவி மூச்சு வாங்கிக்கொண்டே போட்டோக்காரரைப் பார்த்தார். “ஏங்க, அந்த லைட்ட கொஞ்சம் தெக்க திருப்புங்க.”

விளக்குக்குச் சக்கரம் இருந்தது. போட்டோக்காரர் காலாலேயே தள்ளித் திருப்பினார். தெற்குச் சுவர் பளிச்சென்று ஆனது. பீரோக் கண்ணாடி மின்னியது, அண்டா தங்கம் மாதிரித் தெரிந்தது. இத்தனை காலமாக ஒரு விளக்கைத் திருப்ப ஆளில்லாமல் ஒரு வாசல் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. இந்த ஊரில் பாதி விவகாரம் இப்படித்தான் என்று நினைத்து, சந்தியா நாற்காலி போட்டு ஏறிப் பலகையின் மேலிருந்த பூச்சரத்தை அவிழ்த்தாள். ரோசம்மாள் அதைக் கை நீட்டி வாங்கித் தன் கொண்டையில் சுற்றிக்கொண்டாள்.

கதவைத் திறந்தார்கள். பாட்டு திரும்ப ஆரம்பித்தது. ஆனால் குப்புராஜ் ஒரு நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காபி கொடுத்தால் வாங்கவில்லை. மாதம்மாள் அறை வாசலில் நின்று பெரிய மகளையே பார்த்தார். நிர்மலாதேவி அவர் முன்னால் போய் நின்றார்.

“மாமா, என் தங்கச்சிய நம்பி உங்க வூட்டுக்கு அனுப்பறன். எங்கள நம்பித்தான் நீங்க உங்க சனத்த இங்க கூட்டியாந்திருக்கீங்க. ரெண்டு பக்கமும் பத்திரமா வூடு போயிச் சேரணும். அதுக்கு மேல எனக்கு ஒரு கவுரவம் கெடையாது. மன்னிச்சுக்கங்க.”

குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கூட்டம் சேரச் சேர மண்டபம் புழுங்கியது. திறந்த வடக்குக் கதவு வழியாகத்தான் சிலுசிலுவென்று காற்று வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், சரியாக வாசலின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

சந்தியா வந்தாள். “ஐயா, அங்க உக்காரக் கூடாதுங்க.”

“காத்து வாங்கறதுக்குமா சட்டம் போட்டிருக்காங்க?”

“காத்து வாங்குங்க. ரெண்டடி தள்ளி வாங்குங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குப்புராஜ் முறைத்துப் பார்த்தார், சந்தியாவும் நகரவில்லை. அவருடைய மீசைக்குக் கீழே எங்கோ சிரிப்பு கசிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிப் போட்டார், காபி கேட்டார். அன்று முழுக்க அந்தக் கதவுக்கு அவரே காவல். “ஏய், அங்க செருப்பு உடாத. அந்தப் பொண்ணு வந்துச்சுன்னா பாட்ட நிறுத்திடும்,” என்று வருகிறவனையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார்.

தீப்பிடிக்கவில்லை. புகைகூட வரவில்லை. மறுநாள் காலையில் நல்லபடியாகத் தாலி ஏறியது. ஒன்றும் நடக்காமல் முடிந்த கல்யாணத்தைப் பற்றி எந்தப் பேப்பரும் எழுதாது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்களைப் பற்றியும் எழுதாது.

ஆனால் ஒன்றை சந்தியா பார்த்தாள். தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்திக்கு இடம் பிடிக்கக் கூட்டம் எழுந்தது. வடக்கு வழியாகச் சுற்றிப் போனால் சாப்பாட்டுக் கூடத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்று சிலர் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். காற்றில் கதவு தானாகவே சாத்திப்போயிருந்தது. முன்னால் போனவர் இழுக்கிறார், பின்னால் வந்தவர்கள் நெருக்குகிறார்கள். உள்பக்கமாகத் திறக்கிற கதவு, நெருக்குகிற முதுகுகளை மீறி எப்படித் திறக்கும்? சந்தியா கத்திப் பின்வரிசையை நகர்த்திய பிறகுதான் திறந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சாப்பாட்டு அவசரத்துக்கே இப்படி என்றால், உயிர் அவசரத்துக்கு எப்படி என்று நினைத்தாள்.

மதியழகன் அன்றே கத்தித் தீர்த்தார். “ஆபீசரம்மாவையே பீரோ தூக்க வெச்சியாமே? சான்று மட்டும் வரட்டும். அப்பறம் உன்னப் பேசிக்கறன்.”

கொஞ்ச நாளில் நிர்மலாதேவி ஆய்வை முடிக்க வந்தார். அதே காக்கி, அதே நடை. கல்யாணம் நடந்த இடம் என்ற ஞாபகமே முகத்தில் இல்லை.

“தங்கச்சி சௌக்கியமாங்க?” என்று மதியழகன் குழைந்தார்.

“நல்லா இருக்குது. சமையல்கட்டுச் சுவரக் காட்டுங்க.”

சுவரைத் தட்டிப் பார்த்தார். சிலிண்டர் கூண்டைப் பார்த்தார். உருளைகள், பலகை, மின்பெட்டி எல்லாம் பார்த்து முடித்தார். வடக்குக் கதவு விரியத் திறந்து, சுவரோடு கொக்கி மாட்டியிருந்தது. முன்னால் தூசிகூட இல்லை. நிர்மலாதேவி பேனாவைத் திறந்தார். மதியழகன் முகம் மலர்ந்தது.

சந்தியா வாயை மூடிக்கொண்டிருந்தால் சான்று வந்துவிடும். ஒருவேளை வேலையும் மிஞ்சும். வாயைத் திறந்தால் இரண்டும் சந்தேகம். ஆனால் உறுதிமொழியில் பொறுப்பாளர் என்று இருப்பது அவள் பெயர். அந்த முதுகுகளைப் பார்த்ததும் அவள்தான்.

“மேடம், ஒண்ணு உட்டுட்டீங்க.”

சொன்னாள். பந்திக் கூட்டத்தை, சாத்திய கதவை, இழுத்தவரை, எல்லாவற்றையும் சொன்னாள். மதியழகன் அவளைப் பார்த்த பார்வையில் இரும்பு உருகியிருக்கும். நிர்மலாதேவி கதவிடம் போய்க் கொக்கியைக் கழற்றினார். ஒரு முறை இழுத்தார், தள்ளினார். கீலைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார். “நான் கவனிக்கல. சங்கிலியப் பாத்த கண்ணுக்குக் கீலு தெரியல. போன தடவையே பாத்திருக்கணும்.”

வாத்தியார்களைப் பார்த்திருக்கிறாள் சந்தியா. கல்லூரி முதல்வரை, வார்டனை, இன்டர்வியூவில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களை, மதியழகனைப் பார்த்திருக்கிறாள். தனக்குக் கீழே இருக்கிற ஒருவரிடம், அதுவும் இன்னொருவர் எதிரில், ‘நான் கவனிக்கல’ என்று சொன்ன ஆளை அவள் வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறாள். நிர்மலாதேவி சொன்னதோடு நிற்கவில்லை. எழுதவும் செய்தார். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிய பிறகு சான்று.

“நம்ம சம்பளம் வாங்கற ஆளே நமக்கு எதிரா பேசுனா எப்படிங்க மேடம்?” என்றார் மதியழகன், பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக.

“எதிரா இல்லீங்க. உங்க மண்டபத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களையும்தான் கூப்புடுவாங்க. அது நடக்கக்கூடாதுன்னுதான் சொன்னாங்க.” பேனாவை மூடினார். “பொறுப்பாளர மாத்தறதா இருந்தா எனக்கு எழுதிக் குடுங்க. காரணத்தோட.”

மதியழகன் வெட்டி வைத்திருந்த இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுக்க அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

அந்த வாரமே வெல்டிங் கடைக்காரர் திரும்ப வந்தார். போன தடவை சங்கிலியை அறுத்தவர், இப்போது கதவையே கழற்றிக் கீலை மாற்றி மாட்டினார். “இப்ப தள்ளிப் பாருங்க,” என்றார். சந்தியா ஒரு கையால் தள்ளினாள். கதவு வெளியே, வெயிலுக்குள் போய் நின்றது.

பக்கத்து டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “என்னம்மா, இங்க புதுசா ஒரு கதவு வெச்சிட்டீங்க?”

“புதுசு இல்லீங்க. கட்டின நாள்ல இருந்து இருக்குது,” என்று சொல்லிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காரர்கள் வருவதற்குள் போட்டோக்காரர் முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தியிருந்த விளக்கைத் தெற்கே திருப்பி வைக்க உள்ளே போனாள் சந்தியா.